கட்டாய உழைப்பு என்றுதான் எழுதுவேன்

இணையக் கலைக்களஞ்சியத்தில் என் பயனர் பக்கத்தைத் திறந்தால் மேலேயே ஓர் அறிவிப்பு இருக்கும். மற்றவர்களின் திருத்தங்களைத் திரும்பத் திரும்ப மாற்றியதற்காக இந்தப் பயனர் சில காலம் தடை செய்யப்பட்டிருந்தார் என்று. தடை முடிந்ததும் அதை எடுத்துவிடலாம், விதியில் இடம் இருக்கிறது. பார்க்க நன்றாக இல்லை, எடுத்துவிடுங்கள் என்று நல்லெண்ணத்தோடு சிலர் எழுதினார்கள். நான் எடுக்கவில்லை. திருடி மாட்டிக்கொண்டவளைப் போல அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அடுத்த வருடம் ஓய்வு. பாய்லருக்குள் போகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீரைப் போல இருந்தால் போதாது. அதில் உப்பு இருக்கக்கூடாது, காற்று இருக்கக்கூடாது, சிலிக்கா இருக்கவே கூடாது. இருந்தால் குழாய் அரிக்கும், டர்பைன் பிளேடில் படியும். சாம்பிள் எடுத்துப் பார்த்து, இருப்பதை இருப்பதாக எழுதுவதுதான் இத்தனை வருடமும் நான் செய்த வேலை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு நடந்த சண்டையில் எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் வந்தது என்று கேட்டவர்களுக்கு என்னிடம் இருந்த பதில் இவ்வளவுதான்.

என் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். செங்கொடிச் சங்கத்தில் இளைஞராகச் சேர்ந்து, பொறுப்புகளில் இருந்து, இன்றும் காலையில் குளித்ததும் சங்க அலுவலகத்துக்குத்தான் போகிறார். என்னுடையது வேறு மாவட்டத்திலிருந்து வந்த குடும்பம். என் அப்பா இங்கே வேலைக்கு வந்ததால் நான் டவுன்ஷிப்பில் பிறந்தேன். எங்கள் கல்யாணம் சங்கக் கூடத்தில், மாலை மாற்றி, தலைவர்கள் பேசி நடந்தது. எங்கள் வீட்டில் சோவியத் நாடு என்பது தூரத்துச் சொந்தக்காரரின் ஊரைப் போல. போனதில்லை, ஆனால் நல்ல ஊர் என்று தெரியும். பழைய அனல்மின் நிலையத்தை சோவியத் துணையோடுதான் கட்டினார்கள் என்பதால் ஊரிலும் அந்த மரியாதை உண்டு.

மகள் படிப்பு முடித்து பெங்களூருவுக்கு வேலைக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் காலியாகின. அப்போதுதான் தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் எழுத ஆரம்பித்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது அதன் அமைப்பு. நீராவி, கொதிகலன், மின்னாக்கி, சாம்பல் குளம் என்று எனக்குத் தெரிந்ததை எழுதினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. தண்ணீரின் கடினத்தன்மையைப் பற்றி யாருக்கும் கட்சி கிடையாது.

நிலக்கரிச் சுரங்கங்கள் பற்றிய கட்டுரை ஒன்றுக்காக ஓர் இணைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, உக்ரைனின் நிலக்கரிப் பகுதியான டான்பாஸைப் பற்றிய பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அதில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருந்தன. கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் சுரங்கங்களின் மறுகட்டுமானப் பணிக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் வழங்கப்பட்டன.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தத் தொழிலாளர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை. அவருடைய மகனைத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் புது யூனிட்டுகளின் பாய்லர் வேலைக்காக ஹங்கேரியிலிருந்து பொறியாளர்கள் வந்து டவுன்ஷிப்பில் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தண்ணீர் ரிசல்ட் கேட்டு தினமும் ஆய்வகத்துக்கு வருவார். வெயிலில் மூக்கு எப்போதும் உரிந்திருக்கும். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவு மோசம் என்பதால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது. ஒரு நாள் கையில் ஒரு லிக்னைட் கட்டியோடு வந்தார். மரத்தின் வரி இன்னும் தெரிகிற பழுப்புக் கட்டி. அதை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, இங்கே பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குவார்களா என்று கேட்டார். இது திறந்தவெளிச் சுரங்கம், மண்ணை வெட்டுவது இயந்திரம், அந்த வேலையில் பெண்கள் இல்லை என்றேன்.

"என் அம்மா நிலக்கரி வெட்டினார்" என்றார்.

இந்த ஊர்க்காரி வேறு என்ன கேட்பாள். "பர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். அம்மாவின் குடும்பம் ஹங்கேரியில் பல தலைமுறையாக வாழ்ந்த ஜெர்மன் மொழிக் குடும்பம். போர் முடியப்போகிற குளிர்காலத்தில் சோவியத் படை ஊருக்குள் வந்தது. வேலைக்கு ஆள் வேண்டும், மாற்று உடையும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும் என்று ஊரில் முரசு அடித்துச் சொன்னார்கள். ஒரு சின்ன வேலைதான் என்றார்கள். அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயது. அம்மாவும் அவருடைய அக்காவும் போனார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மாட்டு வண்டியில் ரயிலடிக்கு, அங்கிருந்து கால்நடை ஏற்றும் ரயில் பெட்டியில் டான்பாஸுக்கு. போர் முடிந்தது. அவர்களை விடவில்லை. அக்கா அங்கேயே டைபாய்டில் இறந்தார். அம்மா சில வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது ஊரில் ஆட்சியே மாறியிருந்தது. போனதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று எச்சரித்தார்கள். அம்மா திறக்கவில்லை.

"அப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்கள் வீட்டில் யாராவது ஒரு சின்ன வேலை இருக்கிறது, வா என்று கூப்பிட்டால் அம்மா எழுந்திருக்க மாட்டார்" என்றார். "என்ன வேலை, எங்கே, எவ்வளவு நேரம் என்று முழுதாகச் சொன்ன பிறகுதான் நாற்காலியை விட்டு எழுவார். நான் பெரியவன் ஆன பிறகு ஏன் என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை சொன்னார்."

தன்னோடு வந்திருக்கும் மற்றவர்களிடம் இதைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவர் நாட்டில் அதே ஆட்சிதான் இருந்தது. நான் பேசவில்லை. யூனிட் ஓட ஆரம்பித்ததும் அவர் போய்விட்டார். அதன் பிறகு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. சில வருடங்களில் அந்த ஆட்சியும் போயிற்று. அதன் பிறகுதான் கணவரிடம் சொன்னேன். அவர், போர்க்காலத்தில் எல்லா நாட்டிலும் அத்துமீறல் நடக்கும் என்றார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

இப்போது அந்த அம்மாள், உணவும் உறைவிடமும் வழங்கப்பட்ட தொழிலாளராக என் கண் முன்னால் இருந்தார்.

பொறியாளர் சொன்னதை நான் எழுத முடியாது. கேள்விப்பட்டது செல்லாது, அச்சில் வந்த நம்பகமான நூல் வேண்டும் என்பது களஞ்சியத்தின் விதி. நல்ல விதி. மகளிடம் சொன்னேன். அவள் தன் நண்பர்கள் மூலம் பல்கலைக்கழக நூலகங்களிலிருந்து நூல்களைத் தேடி அனுப்பினாள். ஆவணக் காப்பகங்கள் திறந்த பிறகு அந்தந்த நாட்டு வரலாற்றாசிரியர்கள் எழுதியவை. பல வாரம் படித்தேன். பொறியாளர் சொன்ன முரசு, பள்ளிக்கூடம், கால்நடைப் பெட்டி, சின்ன வேலை என்ற சொல், எல்லாமே அவற்றில் இருந்தன. அவர் அம்மா தனி ஆள் இல்லை. ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். இனம் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்; ஆள் கணக்குக் குறைந்த இடத்தில் இனமும் பார்க்காமல் தெருவில் போனவரைப் பிடித்திருக்கிறார்கள்.

பழைய இரண்டு வரியை எடுத்துவிட்டு ஒரு பத்தி எழுதினேன். பொதுமக்கள் சோவியத் படையினரால் பிடிக்கப்பட்டு, போர் முடிந்த பின்னும் சுரங்கங்களில் கட்டாய உழைப்பில் வைக்கப்பட்டனர். பசியாலும் நோயாலும் பலர் இறந்தனர். வாக்கியத்துக்கு வாக்கியம் நூலும் பக்கமும் கொடுத்தேன். அதற்கு மேலேயே இன்னொரு பத்தியும் எழுதினேன். ஜெர்மன் படை பின்வாங்கும்போது அந்தச் சுரங்கங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது, மக்களைக் கொன்று குழிகளில் போட்டது, அந்த நாடே சிதைந்து கிடந்தது என்று. அதுவும் உண்மை. அது தெரியாமல் மற்றது புரியாது.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து வந்து பார்த்தால் பழைய இரண்டு வரி திரும்பியிருந்தது. ஜெர்மன் படையைப் பற்றி நான் எழுதிய பத்தியை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். திருத்தக் குறிப்பில், நடுநிலையற்றது, மேற்கத்தியப் பிரச்சாரம் என்று இருந்தது.

நீக்கியவர் பல வருடமாக எழுதிவருகிற மூத்த பங்களிப்பாளர். அவருடைய கட்டுரைகளை நான் மரியாதையோடு படித்தவள். கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் கேட்டேன், எந்த மேற்கோள் தவறு என்று. மேற்கோள் தவறு என்று தான் சொல்லவில்லை, தொனி தவறு என்றார். சரி, தொனியைச் சொல்லுங்கள் என்றேன். 'பிடிக்கப்பட்டு' என்பதற்குப் பதில் 'திரட்டப்பட்டு' என்றார். 'கட்டாய உழைப்பு' என்பதற்குப் பதில் 'தொழிலாளர் கடமை' என்றார். 'இறந்தனர்' என்பதற்குப் பதில் 'இறந்ததாகச் சிலர் கூறுகின்றனர்' என்றார்.

இறந்தவர்களின் ஊர்களில் பெயர் வெட்டிய கல் நிற்கிறது. சிலர் கூறுகின்றனராம்.

அவர் எழுதிய வேறு கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போனவர்களைப் பற்றி அருமையாக எழுதியிருந்தார். ஆசை காட்டி ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டனர், கொத்தடிமைகளாக நடத்தப்பட்டனர், காய்ச்சலிலும் பட்டினியிலும் மடிந்தனர். ஒரு 'கூறப்படுகிறது' கிடையாது. அந்தப் பத்தியையும் இந்தப் பத்தியையும் பேச்சுப் பக்கத்தில் அடுத்தடுத்துப் போட்டு, இரண்டுக்கும் ஒரே தமிழ் ஏன் இல்லை என்று கேட்டேன்.

சில நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று.

எப்படி ஒன்றல்ல என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. என் பத்தியை மறுபடி போட்டேன். மறுபடி நீக்கினார். போட்டேன். நீக்கினார்.

அந்த நேரத்தில்தான் மூன்றாவதாக ஒருவர் உள்ளே வந்தார். எந்தக் கட்சி என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல ஒரு பயனர் பெயர். என்னைச் சகோதரி என்று அழைத்தார். துணிச்சலுக்கு வாழ்த்து என்றார். என் பத்தியைத் திரும்பப் போட்டுவிட்டு, கூடவே தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்திருந்தார். கோடிக்கணக்கானோர் அந்தச் சுரங்கங்களில் கொல்லப்பட்டனர் என்று ஒன்று. அதற்கு மேற்கோள் இல்லை. இதே கும்பல்தான் இந்தியாவில் தொழிற்சங்கம் என்ற பெயரில் உலவுகிறது என்று இன்னொன்று.

அந்த இரண்டு வரியையும் உடனே நீக்கினேன். அவர் திரும்பப் போட்டார். நான் நீக்கினேன். இந்தப் பக்கம் மூத்தவர் என் பத்தியை நீக்க, நான் அதைப் போட, அந்தப் பக்கம் சகோதரர் தன் வரிகளைப் போட, நான் அதை நீக்க, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் களஞ்சியத்தின் விதி அனுமதிக்கிற எண்ணிக்கையைத் தாண்டிவிட்டேன். நீங்களும் அவங்க ஆள்தானா என்று சகோதரர் கேட்டிருந்தார். முதலில் இருந்தே சந்தேகப்பட்டேன் என்று மூத்தவர் எழுதியிருந்தார். இரண்டு பேரும் என்மேல் புகார் கொடுத்தார்கள். நிர்வாகி மூவரையும் தடை செய்து, பக்கத்தையும் பூட்டினார். பூட்டும்போது எந்த வடிவம் இருந்ததோ அதுதான் நிற்கும் என்பது வழக்கம். 'அனுப்பப்பட்டனர், உணவும் உறைவிடமும் வழங்கப்பட்டன' என்ற வடிவம் நின்றது.

பயனர் பெயர் என்னுடையதுதான் என்பது டவுன்ஷிப்பில் எப்படித் தெரிந்ததோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். என் கணவர் பயிற்சி கொடுத்து வளர்த்த ஆள். எங்களுக்குத் தம்பி மாதிரி. வாசல் மாமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். குடித்துமுடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணி, நெட்டுல ஏதோ எழுதிக்கினு இருக்கீங்களாமே" என்றார். "ஒரு தோழர் போன்ல காட்டுனாரு."

"ஏதோ இல்ல தம்பி. கட்டாய உழைப்பப் பத்தி எழுதுறேன்."

"அது முடிஞ்சுபோன சமாச்சாரம்ங்க. அந்த நாடே இன்னைக்கு இல்ல. இப்ப அதத் தோண்டி எடுத்துப் போட்டா யாருக்கு லாபம் சொல்லுங்க. நம்மள ஒழிக்கணும்னு நிக்கறவனுக்குத்தான்."

"நானும் சொல்லிக்கினுதான் இருக்கேன்" என்றார் என் கணவர், பேப்பரைப் பார்த்தபடி. "கேட்டாத்தானே."

நான் எதிரில் உட்கார்ந்தேன். சில வருடத்துக்கு முன் ஒரு கான்ட்ராக்டர் செய்ததை அவர்கள் இருவருக்கும் ஞாபகப்படுத்தினேன். தன்னிடம் வேலை பார்த்த கொஞ்சம் பேரை, கூலி உயர்வு கேட்டதற்காக ஒரே நாளில் நிறுத்திவிட்டு, பதிவேட்டில் அவர்கள் தாமாகவே விலகிக்கொண்டனர் என்று எழுதிவைத்த ஆள் அவன். இவர்கள் இருவரும்தான் முன்னால் நின்று போராடினார்கள். வேறு இடத்தில் வேலை வாங்கித் தருகிறேன், அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவன் பேரம் பேசினான். இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. விலக்கப்பட்டனர் என்று மாற்றி எழுதும் வரை கேட்டை விட்டு நகரவில்லை.

"ஒரு வார்த்தைதானேன்னு அவன் கேட்டான்" என்றேன். "அந்த வார்த்தையிலதான் எங்க ஆளுங்க மானம் இருக்குன்னு நீங்க சொன்னீங்க. நானும் அன்னைக்கு வெயில்ல உங்களுக்கு மோர் கொண்டுவந்து குடுத்துட்டு நின்னேன். இங்கயும் அதே வார்த்தைதான் தம்பி. பிடிச்சுட்டுப் போனத அனுப்பி வெச்சதா எழுதியிருக்காங்க."

"அது வேற அண்ணி."

"எப்படி வேற?"

"அது நம்ம ஆளுங்க."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். செயலாளர் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டே, "மலருக்கு இந்தத் தடவை வேற ஒருத்தர எழுதச் சொல்லியிருக்கோம் அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். சங்கத்தின் மகளிர் மலரில் உடல்நலம், குடிநீர் பற்றிய பக்கத்தை நான்தான் வருடக்கணக்காக எழுதிவந்தேன்.

"தப்பாத்தான் எடுத்துக்குவேன்" என்றேன். "போய்ட்டு வாங்க."

அவர் போன பிறகு கணவர், "என் மூஞ்சிக்காகவாவது நீ விட்டுருக்கலாம்" என்றார்.

"உங்க மூஞ்சிக்காக எவ்வளவோ விட்டிருக்கேங்க. இது என்னோடது இல்ல விடறதுக்கு."

அந்த வாரம் எங்கள் வீட்டில் சாப்பாடு மட்டும் நடந்தது. ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "அந்த இன்ஜினியரோட அம்மா பேரு என்னா?" என்று கேட்டார். தெரியாது, அவர் சொல்லவில்லை என்றேன். "உம்" என்று சொல்லிவிட்டு டிவி போடப் போய்விட்டார். அவர் என் பக்கம் வந்துவிட்டார் என்று இதைச் சொல்லவில்லை. வரவில்லை. இன்றும் நான் செய்வது தவறான நேரத்தில் செய்த சரியான காரியம் என்றுதான் சொல்கிறார். சரியான நேரம் எப்போது வரும் என்று கேட்டால் பேப்பரை எடுத்துக்கொள்கிறார்.

தடை முடிந்த பிறகு கடலூரில் ஒரு கல்லூரியில் களஞ்சியப் பங்களிப்பாளர்களின் கூட்டம் நடந்தது. போகலாமா என்று யோசிக்கவே இல்லை. ஒளிந்துகொள்கிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. குறிஞ்சிப்பாடி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிப் போய், மாவட்டமும் பயனர் பெயரும் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். தேநீர் இடைவேளையில் நாற்பது வயது இருக்கும் ஒருவர், இரண்டு கப்போடு வந்தார். அவர் அட்டையைப் படித்தேன். மூத்தவர்தான். மூத்தவர் என்று நான் மனதில் வைத்திருந்த ஆளைவிட மிகவும் இளையவர். கல்லூரியில் வரலாறு நடத்துகிறார்.

"அக்கா, சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன்" என்றார்.

அவர் இப்படிப் பணிவாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் கோபம் குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வராந்தாவில் நின்றபடி, "ஏன் தம்பி அழிச்சீங்க" என்று நேராகக் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க தாத்தா பண்ணையில கூலி. எங்க அப்பாவும் கூலி. எங்க ஊரு பெரிய தெருவுல எங்க ஆளுங்க செருப்பு போட்டுக்கினு நடக்கக் கூடாதுங்கக்கா. நடக்க வெச்சது அந்தக் கொடிதான். கூலிய ஏத்திக் குடுத்ததும் அதுதான். எங்க அம்மா அந்தக் கொடிய மடிச்சு, நல்ல பொடவையோட வெச்சிருக்காங்க."

அது உண்மை. இந்தப் பக்கத்து ஊர்களைத் தெரிந்த யாருக்கும் அது உண்மை என்று தெரியும்.

"நீங்க குடுத்த புக்கையெல்லாம் நானும் தேடிப் படிச்சேன்" என்றார். "பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பத்திய நாளைக்கு எவன் எடுத்துக்கினு போயி எங்க மேல வீசுவான்னும் எனக்குத் தெரியும். அந்த ஆளு உள்ள வந்து என்ன எழுதுனான்னு நீங்களே பாத்தீங்க இல்ல."

"பாத்தேன். நான்தான் அதையும் அழிச்சேன்."

"நீங்க அழிச்சீங்க. எல்லாரும் அழிப்பாங்களா?"

"வீசுறவனுக்குக் கல்லு எங்க வேணா கெடைக்கும் தம்பி. நாம இத மறைச்சு வெச்சா அவன் சொல்ற கோடிதான் ஊர்ல ஒரே கதையா நிக்கும். அவன மறுக்கறதுக்காவது நாம சரியா எழுதி வெச்ச பக்கம் ஒண்ணு வேணாமா? உங்க ஊருத் தெருவுல நடந்தத எழுதுங்க. யாராவது 'கூறப்படுகிறது'ன்னு மாத்துனா நான் வந்து சண்டை போடறேன். தடை வாங்குறேன். ஆனா அதுக்கு வெலையா இந்தப் பொம்பளைங்கள இல்லாதவங்களா ஆக்கச் சொல்லாதீங்க. அவங்களும் கூலிக்காரங்க வீட்டுப் பொண்ணுங்கதான்."

அவர் கப்பை நசுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். மதிய அமர்வில் எனக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

பூட்டிய பக்கத்தைத் திறப்பதற்கு ஒரு பொது உரையாடல் நடத்துவார்கள். யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். நான் என் மேற்கோள்கள் அத்தனையையும் தமிழில் விளக்கி வைத்தேன். பாதிப் பேர் எனக்கு எதிராக எழுதினார்கள். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு வன்மம் ஏன் என்று ஒருவர் கேட்டார். நிலக்கரி ஊரில் உட்கார்ந்துகொண்டு உலக வரலாறா என்று இன்னொருவர். நூலின் பெயரை மறுபடி எழுதினேன். ஒவ்வொரு தடவையும் நூலின் பெயரையே எழுதினேன். கடைசியில் கடலூரில் சந்தித்த அந்த வரலாற்று ஆசிரியர் வந்து சிறிய குறிப்பு ஒன்று எழுதினார். மேற்கோள்களைச் சரிபார்த்தேன், அவை சரியானவை, சொல் தேர்வில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, ஆனால் செய்தியை நீக்குவதற்குக் காரணம் இல்லை என்று.

அது போதுமானதாக இருந்தது. நிர்வாகி பக்கத்தைத் திறந்தார். இப்போது அது தனிக் கட்டுரை. தலைப்பிலேயே கட்டாய உழைப்பு என்று இருக்கிறது. சின்ன வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனதும் இருக்கிறது. போருக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலேயே அமைந்த கட்டாய உழைப்பு முகாம்களைப் பற்றியும் பிறகு சேர்த்தேன். ஒரு வாக்கியத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதை நூலின் சொல்லிலேயே மாற்றி எழுதினேன். மாதத்துக்கு ஒரு முறையாவது யாராவது வந்து 'கூறப்படுகிறது' என்று சேர்த்துவிட்டுப் போவார்கள். நான் எடுத்துவிடுவேன். இப்போதெல்லாம் சில சமயம் எனக்கு முன்பே அந்த ஆசிரியர் எடுத்துவிடுகிறார். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அந்த அம்மாளை மட்டும் கட்டுரையில் சேர்க்க முடியவில்லை. அதற்கு நூல் இல்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சகோதரி என்று அழைத்தவர் கொஞ்ச நாள் அந்தக் கட்டுரையைத் தன் நண்பர்களுக்கெல்லாம் பகிர்ந்துகொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லி, நெய்வேலியிலிருந்து ஒரு வீரப் பெண்மணி என்று எழுதினார். அந்தப் பாராட்டு எனக்கு அருவருப்பாக இருந்தது. அதன் பிறகு நான் எடுத்துக்கொண்ட கட்டுரை இந்தோனேசியாவைப் பற்றியது. 1965-66இல் அங்கே கம்யூனிஸ்டுகள் என்றும், அவர்களோடு பழகியவர்கள் என்றும் சொல்லி ஊர் ஊராக மக்களைக் கொன்றார்கள். அதையும் தமிழில் யாரோ மூன்று வரியில் முடித்திருந்தார்கள். வன்முறைச் சம்பவங்கள் நிகழ்ந்தன என்று. யார் செய்தார்கள் என்று இல்லை. அதே நூலகங்கள், அதே உழைப்பு. கொல்லப்பட்டனர் என்று எழுதினேன். யார் கொன்றார்கள் என்றும் எழுதினேன்.

சகோதரர் இரண்டே நாளில் வந்துவிட்டார். கொல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது என்று மாற்றியிருந்தார். சிவப்புச் சாயம் தெரிந்துவிட்டது என்று என் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தார். அவருக்கு நான் அனுப்பியது நூலின் பெயரும் பக்க எண்ணும் மட்டும்.

போன வாரம் செயலாளர் மறுபடி வீட்டுக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "அண்ணி, இந்தோனேசியா கட்டுர பிரமாதம்ங்க. குரூப்புல எல்லாரும் படிச்சுக்கினு இருக்காங்க. மலர்ல அப்படியே போட்டுடலாம்னு கமிட்டியில பேசியிருக்கோம்" என்றார்.

"போடுங்க தம்பி. கூடவே டான்பாஸ் கட்டுரையையும் போடுங்க. எதிரெதிர்ப் பக்கத்துல. ஒண்ணு மட்டும்னா வேணாம்."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர், "அவகிட்டயே பேசிக்கப்பா" என்று சொல்லிவிட்டு, பால் வாங்கக் கிளம்பினார்.

கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று செயலாளர் போயிருக்கிறார். இன்னும் பதில் இல்லை. இரண்டு கட்டுரைகளையும் மலரின் பக்க அளவுக்குச் சுருக்கி வைத்துவிட்டேன். எதைச் சுருக்கினாலும் வினைச்சொற்களில் மட்டும் கை வைக்கவில்லை.